ஐஸ் பெட்டியும் நூலகப் பாடவேளையும்

பொதுவாக இந்த மாதிரிக் கட்டுரையை ஓய்வூதியப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. ஆனாலும் பாடசாலை நூலகர் என்ற என் உத்தியோகம் இந்தத் தவணையோடு முடிகிறது. நூலகங்களைச் சுற்றிப் பார்க்கிற வேலைக்கு வலயக் கல்விக் கந்தோர் என்னை எடுத்திருக்கிறது. போன மாதம் மன்னார் நகரில் புதிய நூலக ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு இளம் ஆசிரியை எழும்பிக் கேட்டார்:

"சேர், பிள்ளையள் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே தேடிப் படிக்கவேணும் எண்டு பாடத்திட்டம் சொல்லுது. சரி. அதிலை நூலகருக்கு என்ன வேலை? புத்தகம் எடுத்துக் குடுக்கிறதோ?"

"இல்லைத் தங்கச்சி, ஐஸ் பெட்டி பாக்கிறது" என்று வாயில் வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. விளக்கம் சொல்வதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வெள்ளாங்குளத்தான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதல் புத்தகப் பை தூக்கியவன் நான்தான். படிப்பு, நூலக டிப்ளோமா, பகுப்பு எண்கள், பட்டியல் அட்டைகள் எல்லாம் ஓடி முடிந்தன. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போலத்தான் படித்தேன், எல்லோரையும் போலத்தான் பயந்தேன். நியமனம் கிடைத்த அன்று அப்பா கேட்டது மட்டும் மறக்கவில்லை.

"அப்ப, புத்தகங்களுக்குக் காவலோ மேனை?"

"ஒரு வகையிலை ஓமப்பா."

"மாடு காக்கிறவனுக்குத் தடி குடுப்பினம். உனக்கு என்ன தருவினம்?"

"சாவி தருவினம்."

சாவியும் தரவில்லை! மன்னார்த் தீவில், தோட்டவெளியைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் வருகிற பாடசாலை அது. நூலக அலுமாரிச் சாவிகள் அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடந்தன. அதிபர் நல்ல மனிதர். கணிதம் படிப்பிப்பவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெண்கட்டித் துண்டு இருக்கும். என்னை வரவேற்று அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, நூலகப் பாடவேளை எண்டால் பிள்ளையள் சத்தம் போடாமல் இருக்கிற பாடவேளை. அவ்வளவும் காணும்."

அந்த வருடம்தான் புதிய ஆசிரியர் வழிகாட்டிகள் வந்தன. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எதை எந்த அளவுக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கும். தேர்ச்சி மட்டம் என்பார்கள். எல்லாப் பாட வழிகாட்டிகளையும் இரவல் வாங்கி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குக் கை பரபரத்தது. விஞ்ஞானம், புவியியல், தமிழ், கணிதம் எதை எடுத்தாலும் ஒரே செய்திதான்: பிள்ளை வினவ வேண்டும், தேட வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும். இதையெல்லாம் செய்ய ஒரு அறை வேண்டுமே. அந்த அறையில்தானே நான் தூசி தட்டிக்கொண்டு இருக்கிறேன்!

அடுத்த நாளே ஒரு முறை வைத்தேன். நூலகத்துக்குள் வருகிற பிள்ளையிடம் "என்ன புத்தகம் வேணும்?" என்று கேட்பதில்லை. "என்ன கேள்வி?" என்றுதான் கேட்பேன். கேள்வியை ஒரு காகிதத் துண்டில் எழுதவேண்டும். மூன்று சாட்சி பிடிக்க வேண்டும்: ஒரு புத்தகம், ஒரு ஆள், தன்னுடைய கண். மூன்றும் வந்த பிறகு துண்டின் பின்புறத்தில் அது எந்தப் பாடத்தின் எந்தத் தேர்ச்சி மட்டம் என்று நான் எழுதி, அந்தப் பாட ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

முதல் கேள்வியை ஆறாம் வகுப்பு ஒருவன் கொண்டுவந்தான். "கழுதையள் ஏன் சேர் பின்னேரத்திலை றோட்டுக்கு வந்து நிக்குதுகள்?" எங்கள் தீவில் பேருந்து பிந்துவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கழுதைகள். புத்தகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பேருந்துச் சாரதியிடம் கேட்டான்; "என்னைக் கரைச்சல் படுத்தத்தான்" என்றாராம். மூன்றாவது சாட்சிக்குப் பொழுதுபட்ட பிறகு போய்த் தார் றோட்டில் ஒரு கையும் பக்கத்து மணலில் ஒரு கையும் வைத்துப் பார்த்திருக்கிறான். மறுநாள் காலை மணி அடிக்குமுன் ஓடிவந்து, "சேர், றோட்டுச் சுடுது! மணல் குளிருது!" என்று கத்தினான். அதுதான் முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் வெப்பத்தை உறிஞ்சுதல் என்ற பாடத்தை அவன் கையாலேயே படித்துவிட்டான். நூலகம் சத்தமாகிவிட்டது. அதிபர் எட்டிப் பார்த்து, "இது நூலகமோ மீன் சந்தையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சில தவணைகள் இப்படி ஓடின. ஒருநாள் அதிபர் கூப்பிட்டார்.

"தம்பி, கோவியாதையும். பெற்றார் கூட்டத்திலை எல்லாரும் ஒரே குரலிலை கணிதத்துக்கு மேலதிக வகுப்புக் கேக்கினம். பாடவேளை எங்கையிருந்து எடுக்கிறது? உம்மடை பாடவேளைதான் இருக்கு."

"சேர், எல்லாத் தேர்ச்சி மட்டமும் அங்கை நடக்குது."

"நீர் சொல்லுறீர். ஆர் எழுதித் தருவினம்? வலயத்திலையிருந்து ஆலோசகர் வாறா. நூலகப் பாடவேளையாலை பிள்ளையளுக்குப் பாடத்திட்டத்திலை இருக்கிறது கிடைக்குது எண்டு அவ எழுதினால் விடுறன். இல்லாட்டி வாற தவணை அது கணிதம்."

அந்த ஆலோசகர்தான் பௌசியா ரீச்சர். முசலிப் பக்கம் ஊர். மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கென்று போட்டிருக்கும் மெத்தைக் கதிரையில் அவர் இருக்கமாட்டார். பிள்ளைகளின் வாங்குப் பலகையில், பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க இருப்பார். பேனை பிடிக்கமாட்டார், பென்சில்தான். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எப்பிடித் தெரியும்?" கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில். அதிபர் தேநீரை நீட்டி, "சீனி அளவாய்த்தான் போட்டிருக்கு ரீச்சர்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

பிள்ளைகள் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தார்கள். ரீச்சர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ஓம், அளவுதான்" என்றார்.

எங்கள் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கழுதைத் துண்டை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு தம்பி. ஆனா ஒரு படி குறையுது. பாக்கப் போக முந்தி, என்ன நடக்கும் எண்டு பிள்ளை சொல்லவேணும். எதிர்வுகூறல். முதல் சொல்லாமல் போய்ப் பாத்தால், பாத்ததெல்லாம் சரியாத்தான் தெரியும். பிழைக்கிறதுக்கு இடம் வேணும்."

எனக்குப் பளிச்சென்றது. சரிதானே! ஒன்பதாம் வகுப்பு ஒரு முழுத் தேடலை எல்லாப் படிகளோடும் செய்து காட்டவேண்டும்; தவணை முடியமுன் வருவதாகவும், அதைப் பார்த்தே எழுதுவதாகவும் சொன்னார். "இன்ஷா அல்லாஹ்" என்று பென்சிலைப் பைக்குள் போட்டார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய துண்டுகளில் ஒன்று எல்லோரையும் இழுத்தது. எழுதியவள் றெஜினா. தகப்பன் சூசை அண்ணை, கரையில் பெயர்போன தொழிலாளி. அவள் எழுதியிருந்தாள்: கடலுக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்கு மீன் படுமா படாதா என்று முதலே தெரியுமா?

எவ்வளவு அழகான கேள்வி! எதிர்வுகூறலைப் பற்றியே ஒரு தேடல்! போகுமுன் எவ்வளவு படும் என்று கேட்பது, வந்த பிறகு எவ்வளவு பட்டது என்று பார்ப்பது, இரண்டையும் வரைபில் போடுவது. நான் துள்ளிக்கொண்டு திட்டம் போட்டேன். றெஜினா மட்டும் ஒருதரம் கேட்டாள்: "போக முந்தியோ சேர் கேக்கிறது?"

"ஓம், அதுதானே முறை" என்றேன்.

எனக்கும் பழக்கவழக்கம் தெரியும் என்ற நினைப்பு. புறப்படுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது என்பது வெள்ளாங்குளத்திலும் உள்ளதுதான். "எங்கை எண்டு மட்டும் கேளாதேங்கோ" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் சனிக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். வள்ளங்கள் தள்ள ஆயத்தமாக நின்றன. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நின்று, வாய் நிறையச் சிரித்தபடி, "மாமா, இண்டைக்கு எத்தினை பெட்டி மீன் படும்?" என்று கேட்டார்கள்.

சூசை அண்ணை தோளில் இருந்த, வள்ளத்தில் பூட்டுகிற எஞ்சினை மணலில் இறக்கி வைத்தார். அடுத்த வள்ளத்துக்காரரும் இறக்கினார். அதற்கடுத்தவரும். பிள்ளைகள் கேட்ட வள்ளம் ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை. றெஜினா தூரத்தில், எழுதாத தாளைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

திங்கட்கிழமை காலை வள்ளத்துக்காரர்கள் அதிபரின் அறைக்கு வந்துவிட்டார்கள். சூசை அண்ணை முன்னால் நின்றார்.

"சேர், எங்கடை பிள்ளையளை வைச்சே எங்கடை ஒரு நாள் தொழிலைக் கெடுத்துப் போட்டியள்."

"அண்ணை, எங்கை போறீங்கள் எண்டு கேக்கக்கூடாது எண்டு சொல்லித்தான் விட்டனான்" என்றேன்.

"அதைக் கேட்டிருந்தாலும் பறுவாயில்லையே! எவ்வளவு படும் எண்டெல்லோ கேட்டதுகள். கடலிலை இறங்க முந்தி அதை வாயாலை சொன்னவன் வெறும் வலையோடைதான் வருவான்."

பின்னால் நின்றவர் குரல் கொடுத்தார்: "நூலகம் எண்டுதானே பலகையிலை எழுதியிருக்கு? சாத்திரம் பாக்கிற கடை எண்டு மாத்தி எழுதுங்கோவன்!"

அதிபர் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்டீரே? இதோடை நிப்பாட்டும். ரீச்சர் வந்தால் நான் சொல்லுறன்."

நூலகத்துக்குப் போய் ஒரு மூலையில் இருந்தேன். அப்போதுதான் அப்பாவின் சூடடிக்கிற களம் நினைவுக்கு வந்தது. நெல் அளக்கும்போது அப்பா "ஒன்று" என்று தொடங்கமாட்டார். "லாபம்" என்றுதான் எண்ணத் தொடங்குவார். அளந்து முடியுமுன் "எத்தினை மூட்டை வரும்?" என்று கேட்டு நானே சின்ன வயதில் குட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் களமும் இந்தக் கரையும் ஒன்றுதான். ஆனால் எதிர்வுகூறல் இல்லாவிட்டால் தேடல் முழுமையாகாது. முழுமையாகாவிட்டால் பாடவேளை போய்விடும். வாயால் சொல்லக்கூடாத ஒன்றை எப்படிக் கேட்பது?

கதவடியில் றெஜினா நின்றாள்.

"சேர், ஒரு ஆள் வாயாலை சொல்லாட்டியும், செய்யிறதாலை சொன்னால் அதைச் சாட்சியா எடுக்கலாமோ?"

"என்ன பிள்ளை செய்யிறது?"

"ஐஸ் சேர்! காலமை சந்தியிலை ஐஸ் லொறி வரும். அப்பா சில நாள் பெட்டி நிறைய எடுப்பார். சில நாள் அரைவாசிதான். ஐஸ் கரைஞ்சு போற சாமான். மீன் படும் எண்டு மனசிலை நினைக்காமல் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பியதில் அலுமாரிக் கதவே அதிர்ந்தது. எடுக்கிற ஐஸ்தான் எதிர்வுகூறல்! ஒருவர் வாயையும் திறக்கத் தேவையில்லை. லொறி நிற்கிற சந்தி கரையிலிருந்து எட்டத்தில் இருக்கிறது. போகிறவரை மறிக்கவும் தேவையில்லை.

அன்று பின்னேரமே சூசை அண்ணையிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், தலை நிமிர்த்தவில்லை.

"இன்னும் என்ன கேக்கப் போறியள்?"

"ஒண்டும் கேக்கமாட்டம் அண்ணை. நீங்கள் ஐஸ் எடுக்கிறதைப் பிள்ளையள் எட்ட நிண்டு பாக்கட்டோ? மத்தியானம் மீன் நிறுக்கிறதையும்?"

ஊசி நின்றது. "வாயைத் திறக்கமாட்டுதுகளோ?"

"திறந்தால் என்ரை காதை முறுக்குங்கோ."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "பாக்கிறதுக்கு என்ன? கடலே ராப்பகலா எங்களைப் பாத்துக்கொண்டுதானே கிடக்கு."

அதிபர் லேசில் விடவில்லை. "இன்னொரு முறைப்பாடு வந்தால் அந்த நிமிசமே முடிஞ்சுது" என்றார். ஆனாலும் விட்டார்.

அந்தக் கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசம் பொங்குகிறது. விடிய எழும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகள், இருள் விலகச் சந்தியில் நின்றார்கள். வாயை இறுக மூடிக்கொண்டு, விரலால் கணக்குக் காட்டி, ஐஸ் பெட்டிகளை எண்ணினார்கள். வள்ளத்துக்காரர்களுக்கும் பகிடி பிடித்துவிட்டது. "என்ன, இண்டைக்கும் ஊமைப் பள்ளிக்கூடமோ?" என்று கேட்டுக் கிச்சுகிச்சு மூட்டப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை வாய் திறக்கவேண்டுமே! மத்தியானம் தராசடியில் மீன் கணக்கு. நூலகத்தில் சோளகக் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் எந்தப் புத்தகம் இருந்ததோ அதெல்லாம் மேசைக்கு வந்துவிட்டது. புத்தகம் கேட்டுப் பிள்ளைகள் சண்டை பிடித்ததை அப்போதுதான் முதன்முதல் கண்டேன்.

ஆனால் பௌசியா ரீச்சர் வருவதற்கு முதல் நாள் வரைபைக் கீறினோம். ஐஸ் கோடு ஒரு பக்கம் ஏறியது, மீன் கோடு மறுபக்கம் இறங்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதிர்வுகூறல் சுத்தப் பிழை! பிள்ளைகள் வாடிப்போனார்கள். றெஜினா மட்டும் வரைபைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் ரீச்சர் அதே வாங்கில் இருந்தார். அதிபர் கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். யன்னலுக்கு வெளியே சூசை அண்ணையும் இன்னும் சிலரும். தங்களைப் பற்றி என்ன சொல்லப் போகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார்கள். றெஜினா வரைபை விரித்தாள்.

ரீச்சர் கோடுகளைப் பார்த்தார். "அப்ப, கடலுக்குப் போறவைக்கு முதலே தெரியாது?"

"தெரியாது ரீச்சர். ஆனா அவை எப்பிடிப் பிழைவிடினம் எண்டு எங்களுக்குத் தெரியும்."

கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "எப்பிடித் தெரியும்?"

றெஜினா பையிலிருந்து ஒரு எண்ணெய்த் தாளை எடுத்தாள். ஊடு தெரிகிற அந்தத் தாளில் ஐஸ் கோட்டை மட்டும் பிரதி எடுத்திருந்தாள். அதை மீன் கோட்டின் மேல் வைத்தாள். பொருந்தவில்லை. பிறகு விரலால் தாளை மெதுவாக இடப்பக்கம், ஒரே ஒரு நாள் அளவுக்கு, நகர்த்தினாள்.

இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. இரண்டொரு இடத்தில்தான் விலகல்.

"நேத்து நல்லாப் பட்டால் இண்டைக்குக் கனக்க ஐஸ் எடுக்கினம் ரீச்சர். நேத்துப் படாட்டி இண்டைக்குக் குறைய எடுக்கினம். நேத்தைய மீனுக்குத்தான் இண்டைக்கு ஐஸ் கொண்டுபோகினம்."

யன்னலில் யாரோ "அட!" என்றார்கள். பௌசியா ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் விரலால் அந்தத் தாளைப் பழைய இடத்துக்குத் தள்ளினார், திரும்ப நகர்த்தினார், இன்னொருதரம் தள்ளினார். சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பார்ப்பது போல முகம். எப்பிடித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டது அதிபர்தான். கதவடியிலிருந்து வந்து மேசையில் குனிந்து, "பிள்ளை, இப்பிடி நகத்திப் பாக்க ஆர் சொல்லித் தந்தது? நான் வகுப்பிலை இதைப் படிப்பிக்கேல்லையே" என்றார்.

"ஒருத்தரும் இல்லை சேர். பொருந்தேல்லை. ஏன் எண்டு பாத்தனான்."

அதிபர் பையிலிருந்த வெண்கட்டித் துண்டை எடுத்து உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு ரீச்சரிடம் சொன்னார்: "எழுதுங்கோ ரீச்சர். கணித வகுப்பைக் காலமை மணி அடிக்க முந்தி நான் வைக்கிறன். இந்தப் பாடவேளை இங்கையே கிடக்கட்டும்."

ரீச்சரின் பென்சில் ஓடத் தொடங்கிவிட்டது. விஞ்ஞானம், கணிதம், புவியியல் என்று தேர்ச்சி மட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. நூலகத்தில் கத்தக்கூடாது என்ற நினைப்பு எனக்கே அன்றுதான் வந்தது.

யன்னல் கம்பிக்குள்ளால் சூசை அண்ணை தலையை நீட்டினார். மகளை முதன்முதல் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"சரி பிள்ளை, அப்ப நாளைக்கு அப்பா எவ்வளவு ஐஸ் எடுக்கிறது? எவ்வளவு படும்?"

றெஜினா எண்ணெய்த் தாளைப் பத்திரமாகச் சுருட்டினாள்.

"அதை நான் வாயாலை சொல்லமாட்டன் அப்பா."